செவியாவின் பியெனால்: ஆட்டத்தின் நீளத்தை மாற்றிய விழா

பாட்டும் கிட்டாரும் ஆட்டமும் சேர்ந்த ஸ்பானியக் கலையான ஃபிளமெங்கோவை ஆடுபவருக்கு ஒரு காலத்தில் மேடையில் கிடைத்த நேரம் பத்து நிமிடம், மிஞ்சிப்போனால் பதினைந்து. பாடகர், கிட்டார்க்காரர், கைத்தாளம் போடுகிறவர்கள் எல்லாரும் அரைவட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆடுகிறவரும் அவர்களோடுதான் இருப்பார். தன் முறை வந்ததும் எழுந்து ஆடுவார், முடித்ததும் போய் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கை தட்டுவார். இன்று அதே ஆட்டக்காரரிடம் ஒன்றேகால் மணி நேரப் படைப்பு கேட்கிறார்கள். அதற்கு ஒரு தலைப்பு வேண்டும், ஒளியமைப்பு வேண்டும், மேடை இயக்குநர் வேண்டும், முழு மாலையையும் தாங்குகிற ஒரு கருத்து வேண்டும்.

இந்த மாற்றத்துக்குப் பல காரணங்கள் உண்டு. என் பார்வையில் பெரிய காரணம் ஸ்பெயினின் செவியா நகரில் நடக்கும் பியெனால் என்ற ஃபிளமெங்கோ விழா. ஒரு நகராட்சி நடத்தும் விழா, எந்தக் கட்டளையும் போடாமல், ஒரு கலையின் வடிவத்தையே எப்படி மாற்றிவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆதாயம், இழப்பு இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

முதலில் அடிப்படைத் தகவல்கள். பியெனால் தொடங்கியது 1980-ல். கவிஞர் ஹோசே லூயிஸ் ஓர்த்திஸ் நுவேவோ அதை உருவாக்கி முதல் இயக்குநராகவும் இருந்தார். இரட்டைப்படை ஆண்டுகளில், பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கி ஏறக்குறைய ஒரு மாதம் ஊரின் பல இடங்களில் நடக்கும். 2024-ல் நடந்தது 23-வது விழா. பாட்டு, கிட்டார், ஆட்டம் மூன்றுக்கும் இடமுண்டு. ஆனால் பெரிய அரங்கை நிரப்புவதும் வெளிநாட்டிலிருந்து ஆளை இழுத்து வருவதும் ஆட்டம்தான். ஜப்பானிலிருந்தும் பிரான்சிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் நடன மாணவர்கள், பகலில் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள திரியானா பக்கத்து நடனப்பள்ளிகளில் வகுப்பு, இரவில் நிகழ்ச்சி என்று அந்த மாதத்தை ஓட்டுவார்கள்.

போட்டியாகப் பிறந்தது

பியெனாலுக்கு முன்னால் ஃபிளமெங்கோ எங்கே வாழ்ந்தது என்று பார்த்தால்தான் அது செய்த வேலை புரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் 'காஃபே காந்தாந்தே' எனப்பட்ட பாட்டுக்கூடங்களில் இது தொழிலானது. சில்வேரியோ ஃபிராங்கோனெத்தி என்ற பாடகர் செவியாவில் நடத்திய கூடம் அவற்றில் பேர்போனது. அரைவட்ட நாற்காலி முறை அங்கே நிலைபெற்றது. 1950-களுக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகளை நம்பி 'தப்லாவ்' என்ற சாப்பாட்டு மேடைகள் வந்தன. அங்கேயும் அதே வடிவம்தான், இன்னும் கொஞ்சம் சுருக்கமாக. இன்னொரு பக்கம் கிராமப்புற ஊர்களில் கோடைகால விழாக்கள் தொடங்கின. 1957-ல் உத்ரேராவில் தொடங்கியது அவற்றில் மூத்தது. அவை விடிய விடிய நடக்கும் பாட்டு இரவுகள். பாடகர்தான் ராஜா. ஆட்டம் நடுநடுவே ஒரு மாறுதலுக்கு.

இவை தவிர போட்டிகள் இருந்தன. 1922 ஜூனில் கிரனாதாவின் அல்ஹாம்ப்ராவில் இசையமைப்பாளர் மானுவேல் தே ஃபாயாவும் இளைஞராக இருந்த கவிஞர் லோர்காவும் முன்னின்று நடத்திய ஆழ்பாட்டுப் போட்டி புகழ்பெற்றது. தொழில்முறைப் பாடகர்கள் கெடுத்துவிட்டார்கள், கலப்பில்லாத பாட்டு எங்கோ கிராமத்தில் ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டெடுக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதனால் தொழில்முறைக் கலைஞர்களைப் போட்டியில் சேர்க்கவே இல்லை. பரிசு வாங்கியவர்களில் எழுபது வயது தாண்டிய தியேகோ பெர்மூதெஸ் என்ற முதியவரும் உண்டு, பிற்காலத்தில் மனோலோ கராக்கோல் என்று உலகறிந்த ஒரு சிறுவனும் உண்டு. 1956-ல் கோர்தோபாவில் தேசியப் போட்டி வந்தது.

பியெனாலும் இந்த வழியில்தான் பிறந்தது. 1980-ல் பாட்டு, 1982-ல் ஆட்டம், 1984-ல் கிட்டார் என்று ஒவ்வொரு விழாவும் ஒரு துறைக்கு ஒதுக்கப்பட்டது. பரிசின் பெயர் ஹிரால்தியோ. செவியா பேராலயக் கோபுரத்தின் உச்சியில் காற்றுக்குத் திரும்பி நிற்கும் வெண்கலச் சிலையின் பெயர் அது. முதல் பாட்டுப் பரிசு கலிக்ஸ்தோ சாஞ்செசுக்கும், கிட்டார் பரிசு மனோலோ ஃபிராங்கோவுக்கும் போனது.

போட்டி என்பது ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: தெரிந்த ஒன்றை யார் நன்றாகச் செய்கிறார்கள்? பாட்டுக்கு அந்தக் கேள்வி ஓரளவு சரி. ஆட்டத்தில் அது சீக்கிரமே முட்டுச்சந்துக்கு வந்துவிடுகிறது. நடுவர்கள் சொலெயா, அலெக்ரியாஸ் போன்ற மரபான ஆட்ட வகைகளைப் பார்ப்பார்கள், காலடியின் வேகத்தையும் கையின் வளைவையும் பார்ப்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைச் செய்பவருக்கு மதிப்பெண் போட இடமிருக்காது. விழா வளர வளரப் போட்டி ஓரத்துக்குப் போய், முதல் அரங்கேற்றங்கள் நடுவுக்கு வந்தன. ஹிரால்தியோ, விழாவில் பார்த்தவற்றுள் சிறந்தவற்றுக்கு நடுவர் குழு தரும் விருதாக மாறியது. இந்த ஒரு திருப்பத்தைத்தான் பியெனாலின் உண்மையான பிறப்பு என்பேன்.

அரங்குகள் வந்தன

1992-ல் செவியாவில் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்காக ஊரே மாறியது. மத்ரித்திலிருந்து அதிவேக ரயில் வந்தது, குவாதல்கிவிர் ஆற்றின் மேல் புதிய பாலங்கள் வந்தன. ஃபிளமெங்கோவைப் பொறுத்தவரை முக்கியமானவை இரண்டு கட்டடங்கள்: 1991-ல் திறந்த மாயெஸ்த்ரான்சா அரங்கு, 1992-ல் திறந்த தெயாத்ரோ சென்த்ரால். முன்னது ஓப்ராவுக்காகக் கட்டப்பட்டது, ஆயிரத்து எண்ணூறு பேர் வரை உட்காரலாம். பின்னது புதுமுயற்சிகளுக்கானது. அதுவரை 1929 கண்காட்சிக்காகக் கட்டிய அழகான லோபே தே வேகா அரங்குதான் பெரிய மேடை.

ஓப்ரா மேடையில் அரைவட்ட நாற்காலியைப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பதுபோல் இருக்கும். கடைசி வரிசையில் இருப்பவருக்கு முகமே தெரியாது. இடம் பெரிதானால் ஆட்டமும் பெரிதாக வேண்டியிருந்தது. குழு நடனம், காட்சியமைப்பு, கதை என்று போனது. நீண்ட மேடைப் படைப்பு என்பதே பியெனால் கண்டுபிடித்ததல்ல. ஆட்டக்காரர் அந்தோனியோ காதேஸ் 1970-களிலேயே அதைச் செய்துவிட்டார். கோர்தோபாவில் பிறந்து கிரனாதாவின் சாக்ரோமோந்தே குன்றில் வளர்ந்த மரியோ மாயா, 1976-ல் தன் கிதானோ மக்கள், அதாவது ஸ்பெயினின் ரோமா மக்கள், பட்ட கொடுமைகளை மேடையேற்றினார். ஆனால் அவர்கள் தனியாக, சொந்தப் பொறுப்பில் செய்தார்கள். பியெனால் செய்தது என்னவென்றால், இரண்டு ஆண்டுக்கு ஒரு தேதி குறித்து, அரங்கும் கொடுத்து, 'புதிதாக என்ன வைத்திருக்கிறாய்?' என்று ஒவ்வொரு ஆட்டக்காரரையும் கேட்டது. ஒரு கலைஞரின் வாழ்க்கையே அந்தத் தேதியைச் சுற்றி அமையத் தொடங்கியது.

1998

பத்தாவது விழாவில் இரண்டு இளம் கலைஞர்கள் தங்கள் முதல் முழுப் படைப்போடு வந்தார்கள்.

ஒருவர் ஏவா யெர்பாபுவேனா. ஜெர்மனியில் வேலைக்குப் போன ஸ்பானியப் பெற்றோருக்கு ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்து கிரனாதா பக்கம் வளர்ந்தவர். தன் பெயரிலேயே 'ஏவா' என்ற நிகழ்ச்சியை அந்த விழாவில் அரங்கேற்றினார். மரபின் உள்ளேயே நின்று மேடையை விரித்தவர் அவர். பெரிய படைப்பின் நடுவிலும் ஒரு நீண்ட சொலெயாவைத் தனியாக ஆடிவிடுவார். ரசிகர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

இன்னொருவர் இஸ்ரயேல் கல்வான். செவியாக்காரர், 1973-ல் பிறந்தவர். அப்பா ஹோசே கல்வான், அம்மா எவ்ஹேனியா தே லோஸ் ரேயெஸ், இருவருமே ஆட்டக்காரர்கள். அதாவது நடனப்பள்ளியிலும் தப்லாவிலும் வளர்ந்த பிள்ளை. 1994-ல் மரியோ மாயா, செவியா அடங்கிய ஆந்தலூசியா மாநில அரசின் நடனக் குழுவைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தார். பெரிய போட்டிகளின் பரிசுகளையும் வாங்கினார். போட்டி கேட்ட எல்லாவற்றையும் செய்துகாட்டிவிட்ட பிறகு, 1998 பியெனாலில் 'மீரா! / சிவப்புக் காலணிகள்' என்ற படைப்பைப் போட்டார். போட்டால் கழற்ற முடியாமல் ஆடிக்கொண்டே இருக்கச் செய்யும் சிவப்புக் காலணியின் பழைய கதை அதற்குத் தூண்டுதல். உள்ளூர் ரசிகர்களில் பலருக்கு அது ஃபிளமெங்கோ என்றே தோன்றவில்லை.

இவர் என்ன மாற்றினார் என்று சொல்ல, மரபான ஆட்டம் எப்படி நகர்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். சொலெயாவையே எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு அடி கொண்ட சுற்று. அழுத்தம் 3, 6, 8, 10, 12 ஆகிய அடிகளில் விழும். சமத்தை முதல் அடியில் எதிர்பார்த்துப் பழகிய நம் காதுக்கு இது முதலில் பிடிபடாது. வாக்கியம் பத்தாவது அடியில் முடிந்துவிடும், மிச்சம் இரண்டு அடி மூச்சு விடுவதற்கு. ஆடுகிறவர் மெதுவாக நடந்து வருவார். பாடகர் ஒரு வரி பாடும்போது உடம்பை அதிகம் அசைக்காமல் தாளத்தை மட்டும் குறித்துக்கொண்டிருப்பார். வரி முடிகிற இடத்தில் காலால் பளிச்சென்று ஒரு பதில். அப்புறம் 'யமாதா', அதாவது அழைப்பு. குறிப்பிட்ட ஒரு காலடிக் கோவையைப் போட்டு, அடுத்து என்ன வேண்டும் என்று பாடகருக்கும் கிட்டாருக்கும் ஆடுபவரே சொல்வது. பிறகு 'எஸ்கோபியா' என்ற காலடிப் பகுதி. பாட்டு நின்றுவிடும். காலணியின் முன்நுனியிலும் குதிகாலிலும் அடித்திருக்கும் சின்ன ஆணிகள் பலகையில் பேசும். முழுப் பாதம், முன்பாதம், குதிகால், நுனி ஒவ்வொன்றுக்கும் ஒலி வேறு. மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் ஏறும். எவ்வளவு நேரம் என்பது அன்றைக்கு ஆடுபவரின் முடிவு. கடைசியில் தாளம் புலெரியாஸ் என்ற வேகமான வகைக்கு நழுவி, ஆடிக்கொண்டே வெளியேறுவார்.

கல்வான் இந்த இலக்கணத்தைத் தூக்கி எறியவில்லை. ஒவ்வொரு துண்டாகக் கழற்றி வைத்தார். அழைப்பு வரும், பதில் வராது. பத்தாவது அடியில் முடிய வேண்டியது ஒன்பதில் உறைந்து நிற்கும். பார்வையாளருக்குப் பக்கவாட்டில், கோட்டுச் சித்திரம் மாதிரி நிற்பார். மார்பு, தொடை என்று உடம்பெல்லாம் தட்டு வாத்தியமாகும். 2000-ல் எழுத்தாளர் காஃப்காவின் கதையை எடுத்தார். 2004 பியெனாலில் காளைச்சண்டை உலகத்தைப் பற்றி 'அரேனா' என்று ஆறு ஆட்டங்கள். சவப்பெட்டிக்குள் படுத்து அதன் பலகையிலேயே காலடி போட்ட படைப்பும் அவருடையதுதான். பிடிக்காதவர்கள்கூட ஒன்றை மறுப்பதில்லை: அவர் தாளத்தை ஒருபோதும் விடுவதில்லை. கேட்கும் அடியைப் போலவே கேட்காத அடியையும் அவர் ஆடுகிறார். 2005-ல் ஸ்பெயினின் தேசிய நடன விருது அவருக்குக் கிடைத்தது.

போட்டியாகவே நீடித்திருந்தால் பியெனால் இப்படி ஒருவருக்கு மறுபடி மறுபடி மேடை கொடுத்திருக்க முடியாது. சொந்த ஊர் ரசிகர்களில் ஒரு பகுதி முகம் சுளித்தபோதும் 1998, 2000, 2004 என்று அழைத்துக்கொண்டே இருந்தது. எந்தப் பெரிய விழாவிடமும் நான் எதிர்பார்க்கும் குணம் அதுதான்.

திரியானாவின் முற்றம்

ஆற்றுக்கு அக்கரையில் இருப்பது திரியானா. கிதானோ கொல்லர்களும் குயவர்களும் வாழ்ந்த பகுதி. ஃபிளமெங்கோவின் பல பாட்டு வகைகள் அந்த ஊர்ப் பெயரைத் தாங்கியே வழங்குகின்றன. பொது முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் ஒண்டிக் குடித்தனம் நடத்திய வீடுகளில் கல்யாணம், பெயர்சூட்டு என்றால் விடிய விடிய ஆட்டம் நடந்த இடம். 1950-களிலும் 60-களிலும் அந்தக் குடும்பங்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு நகரின் விளிம்பில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குச் சிதறடிக்கப்பட்டன. நிலத்தின் விலை ஏறிவிட்டது, பழைய வீடுகள் பாழடைந்தவை என்று காரணம் காட்டப்பட்டது. 1983-ல் அந்தப் பழைய திரியானாக்காரர்களைத் திரட்டி லோபே தே வேகா மேடையில் ஏற்றினார்கள். கிழவிகளும் கிழவர்களும் வீட்டில் ஆடியதுபோலவே ஆடினார்கள். பெரும்பாலோர் மேடைக் கலைஞர்களே அல்ல.

பியெனாலைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். ஒரு நகரம் தன் கலையைச் சுமந்த மக்களைத் துரத்தியது. இருபது வருடத்துக்குள் அதே கலைக்கு உலக விழா எடுத்தது. இரண்டும் ஒரே ஊர்தான்.

விழாவின் இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது திரியானாவிலேயே இருக்கும் ஹோட்டல் திரியானா. 1929 கண்காட்சிக்கு வந்தவர்களைத் தங்கவைக்கக் கட்டியது, பிறகு குடியிருப்பானது. நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் அடுக்கடுக்காகத் தாழ்வாரங்கள். முற்றத்தில் மேடை போட்டு நாற்காலி அடுக்குவார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் கீழே, குடியிருப்பவர்கள் மேலே தங்கள் வீட்டு வாசலில். இங்கே 'ஒலே' என்ற பாராட்டுக் குரல் தப்பான இடத்தில் விழாது. மாயெஸ்த்ரான்சாவில் கைதட்டல் பெரிதாக இருக்கும், ஆனால் முடிவில்தான் வரும். இங்கே அது ஆட்டத்தின் நடுவே வந்து ஆடுபவரைத் தள்ளும். 'ஹலேயோ' என்ற அந்த ஊக்கக் குரல்கள் ஃபிளமெங்கோவின் ஓர் அங்கம். எழுதாத இசைக்கருவி என்றே சொல்லலாம்.

என்ன போனது

ஒவ்வொரு விழாவிலும் ஒரே சண்டை திரும்ப வரும். ஒரு தரப்பு, இது ஃபிளமெங்கோவே இல்லை என்னும். மறு தரப்பு, ஃபிளமெங்கோ எப்போதும் கலந்து வளர்ந்ததுதானே என்று பதில் சொல்லும். 2010 நவம்பரில் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்த பிறகு, எதைப் பாதுகாப்பது என்ற கேள்வி இன்னும் சூடாகியது. தூய்மை பற்றிய இந்த வழக்கில் எனக்கு ஆர்வம் குறைவு. காஃபே காந்தாந்தே காலத்திலேயே தூய்மை போய்விட்டது என்று அழுதவர்கள் இருந்தார்கள்.

ஆனால் உண்மையான இழப்பு ஒன்று உண்டு. அது நடைமுறை சார்ந்தது. ஒளியமைப்பு கணினியில் பதிவாகிவிட்டால், ஒவ்வொரு காட்சியும் இத்தனை நிமிடம் என்று தீர்ந்துவிடும். எஸ்கோபியாவை அன்றைய மனநிலைக்கு நீட்ட முடியாது. அழைப்பு போட வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் அடுத்து என்ன என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும். பாடகர் ஆடுபவரைப் பார்த்துப் பாடியது போய், குறித்த விளக்கு எரிந்ததும் பாடத் தொடங்குகிறார். யார் யாரை வழிநடத்துவது என்ற இழுபறியில்தான் ஃபிளமெங்கோவின் மின்சாரம் இருந்தது. நீண்ட படைப்பு அதைக் குறைத்துவிட்டது. பல புதிய படைப்புகளில் மிகச் சிறந்த நேரம் எதுவென்றால், எல்லாம் முடிந்து வணக்கம் சொல்லும்போது கிட்டார்க்காரர்கூட எழுந்து வந்து இரண்டு சுற்று புலெரியாஸ் ஆடும் அந்த ஐந்து நிமிடம். அங்கே எதுவும் ஒத்திகை பார்த்ததில்லை.

இதைக் கலைஞர்களே உணர்ந்திருக்கிறார்கள். மாலகாவில் 1984-ல் பிறந்த ரொசியோ மொலினா, இன்றைய ஆட்டக்காரர்களில் துணிச்சலானவர், பெரிய படைப்பைச் செய்வதற்கு முன் பொது இடங்களில் ஒத்திகையே இல்லாமல் ஆடிப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறார். 2020-ல் கொரோனா நடுவிலும் பியெனால் ரத்தாகவில்லை. முகக்கவசம், பாதி காலி இருக்கைகளோடு நடந்தது. அப்போது அவர் குழு, காட்சியமைப்பு எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டு, கிட்டார்க்காரர்களை மட்டும் வைத்துப் படைப்புகளைத் தந்தார். ரஃபாயெல் ரிக்கேனியின் கிட்டாரோடு ஒன்று. எதுவர்தோ திராசியேரா, யெராய் கோர்தெஸ் இருவரோடு இன்னொன்று. நீண்ட படைப்பின் உள்ளேயே பழைய உரையாடலை மீட்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. விழாவும் தன் பங்குக்குச் சான் லூயிஸ் என்ற பழைய பரோக் தேவாலயம் போன்ற சின்ன இடங்களில் ஒலிபெருக்கி இல்லாத நிகழ்ச்சிகளை வைத்திருக்கிறது. அவற்றில் பாட்டும் கிட்டாரும்தான் அதிகம். ஆட்டத்துக்கும் அதேபோல் சின்ன இடங்கள் வேண்டும்.

இன்னொரு குறை பணமும் நேரமும் சார்ந்தது. ஒரு வருடத்துக்கு மேல் உழைத்த படைப்பு பியெனாலில் பெரும்பாலும் ஒரே ஓர் இரவுதான் ஆடப்படும். அன்றைக்கு அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் ஹெரேஸ், நீம், லண்டன், நியூயார்க் விழாக்களுக்கு நிகழ்ச்சி தேடி வந்தவர்களும் உண்டு. அந்த ஓர் இரவு சரியாக அமைந்தால் இரண்டு வருடத்துக்குப் பயணம், அமையாவிட்டால் செலவே மிச்சம். எந்த ஆட்டக்காரரும் அப்படிப்பட்ட இரவில் எஸ்கோபியாவை நீட்டிப் பார்க்கத் துணிய மாட்டார். அதனால் விழாவிடம் கேட்க வேண்டியது இதுதான்: புதிய படைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது இரவு கொடுங்கள். முதல் இரவு மாயெஸ்த்ரான்சாவில், விளக்குகளோடு. இரண்டாவது இரவு அதே கலைஞர்கள் ஹோட்டல் திரியானாவின் முற்றத்தில், நாற்காலிகளும் பலகையும் மட்டும் வைத்து, நேரம் குறிக்காமல். இடம் கையில் இருக்கிறது, ரசிகர்களும் தாழ்வாரத்தில் இருக்கிறார்கள். நகராட்சி மனது வைத்தால் 2026 விழாவிலேயே இரண்டு மூன்று படைப்புகளை வைத்துத் தொடங்கலாம்.